ஒன்பதாவது காது

க்ரோனிங்கனிலிருந்து ஷூர்ட் எழுதியிருக்கிறான்:
"நாயின் இடது காது
இன்னும் சற்று நம்பிக்கையோடு இருக்கலாமே."

நாய் பிஸ்கட் பெட்டிக்கு
இது ஒன்பதாவது காது.
பேசியது இரண்டு திருத்தம்.
பேசிய காசில் பாதி
ஏழு வாரமாக வந்துகொண்டே இருக்கிறது.

குத்தாயிசியில் மழை.
எங்கள் தெரு நாய்களின் காதில்
நகராட்சி குத்திய மஞ்சள் வில்லை தொங்கும்.
அந்தக் காதைப் பார்த்துத்தான் வரைகிறேன்.
நம்பிக்கையை எங்கே போய்ப் பார்க்க?

ஹீட்டர் மேல் சாக்ஸைக் காயப்போட்டுவிட்டு
ஏஐயைத் திறந்து தட்டுகிறேன்:
"நீ இருபது வருட அனுபவமுள்ள ஓவியர்.
காசு பாக்கி வைத்திருப்பவனுக்கு ஒரு கடிதம் எழுது.
கறாராக. ஆனால் அவன் ஓடிவிடக் கூடாது."

மூன்று நொடி.
"இம்மடல் தங்களை நலமுடன் கண்டடையும் என்று நம்புகிறேன்"
என்று தொடங்குகிறது
இருபது வருட அனுபவம்.

கண்டடையட்டும். நலம் அவன் பாடு.

சுருக்கு, என்கிறேன்.
இன்னும் கொஞ்சம் சூடு.
சூடு அதிகம், ஆற வை.
கெஞ்சாதே.
கெஞ்சாதே என்றால் மிரட்டு என்று அர்த்தமில்லை.

நள்ளிரவுக்குள் பதினோரு கடிதம்.
ஒவ்வொன்றும் இஸ்திரி போட்ட சட்டை,
உள்ளே ஆள் இல்லை.

என் ஆங்கிலம்
கம்ப்யூட்டர் விளையாட்டில் கற்றது.
சுடுவதற்கு அதில் பத்துச் சொல் தெரியும்,
கேட்பதற்கு ஒன்றும் தெரியாது.
இருந்தாலும் இத்தனை வாரமாக நானே எழுதி
நானே அனுப்பிய ஏழு கடிதங்கள் உண்டே.
எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுத் தட்டினேன்:

"இப்போது நீதான் ஷூர்ட்.
திங்கட்கிழமை காலை. காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது.
இவற்றைப் படித்துவிட்டு
என்ன நினைக்கிறாய் என்று சொல். எனக்காகப் பேசாதே."

"எலிசோ நல்ல பெண், பொறுமைசாலி.
ஏழு கடிதத்தில் ஒன்பது முறை மன்னிப்புக் கேட்கிறாள்,
எதற்கென்று தெரியவில்லை.
அவள் ஊரில் மழை என்று தெரிகிறது.
பணம் என்ற சொல்
ஐந்தாவது கடிதத்தின் கடைசி வரியில்,
அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.
திருத்தத்துக்கு எல்லை உண்டென்று எங்கும் இல்லை.
காது வரைவது அவளுக்குப் பிடித்திருக்கிறது போல.
மத்தியானம் பதில் போடலாம்."

லேப்டாப்பை மூடினேன்.
திறந்தேன்.
அதையே திட்டினேன் முதலில், ஜார்ஜிய மொழியில்,
அதற்கும் புரிந்து தொலைத்தது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று
ஏழு வாரம் அவனைச் சபித்தேனே,
சங்கை நான் வாயில் வைக்கவே இல்லை.

"ஷூர்ட்,
ஒப்பந்தம் இரண்டு திருத்தம். ஆனது ஒன்பது.
மூன்றாவதிலிருந்து தலைக்கு நாற்பது யூரோ.
பழைய பாக்கி நானூறோடு சேர்த்து
அறுநூற்று எண்பது, வெள்ளிக்கிழமைக்குள்.
காது முடிந்துவிட்டது.
எலிசோ."

"எழுத்துப்பிழை மட்டும் பார்,
வேறெதையும் தொடாதே," என்றேன்.
ஒரு பிழை சொன்னது.
கொஞ்சம் மென்மையாக்கவா என்றும் கேட்டது.
பழக்கதோஷம்.

காலையில் தோனே அடுப்பு முன்னால் நிற்கிறேன்.
"கமர்ஜோபா," என்கிறார் ரொட்டிக்காரர், மாவுக் கையோடு.
வணக்கம் என்பதையே
வெற்றி என்று சொல்கிற ஊர் இது.
"ரெண்டு. கருகாதது," என்கிறேன்.
அவர் கோபித்துக்கொள்ளவில்லை.
நன்றாகத் தேடி
ஓரம் சிவந்த இரண்டை எடுத்துத் தருகிறார்.
பிறந்ததிலிருந்து இப்படித்தான் வாங்குகிறேன்,
இன்றுதான் என் குரல் எனக்குக் கேட்டது.

சட்டைப் பையில் போன் துடிக்கிறது.
"சரி. வெள்ளி. ஆனால் நாற்பது அதிகம்.
முப்பது?"

காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சூடான ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஒற்றைக் கட்டைவிரலால்,
யாரையும் கேட்காமல்:

முப்பத்தைந்து.